தொழில் முறையில் மாறுதலும் சரக்கின் தரமும்

(செஞ்சி வட்டாரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)

ஒரு தொழிலை நெடுங்காலம் ஒரே விதமாகச் செய்துகொண்டிருக்க எவராலும் இயலாது. புது யந்திரம் வருகிறது, கூலி உயர்கிறது, வழக்கமாய் வாங்கிய சாக்கு அகப்படாமற் போகிறது, மழை முந்திப் பெய்துவிடுகிறது. இவற்றுள் எது நேர்ந்தாலும் வேலையின் முறையில் ஏதேனும் ஒரு மாறுதல் செய்தே தீரவேண்டியிருக்கிறது. ஆகையால் மாறுதலே கூடாதென்று சொல்லுவது இப்பிரசங்கத்தின் நோக்கமன்று. மாறுதலை எவ்விதம் செய்தால் சரக்கின் தரம் கெடாமலிருக்கும் என்பதே இங்கு ஆராயப்படும் விஷயம். இதற்குத் தூர தேசத்துப் பெருந் தொழிற்சாலைகளைத் தேடிப் போக வேண்டுவதில்லை. செஞ்சிச் சீமையின் மானாவாரிப் புன்செய்களில் விளையும் மணிலாக் கொட்டையின் வரலாறே போதுமானது.

செஞ்சிக் கோட்டையில், ராஜகிரி மலையின் அடிவாரத்தில், கனத்த சுவர்களையுடைய பழைய தானியக் களஞ்சியங்கள் இன்றும் நிற்கின்றன. 1690-ஆம் வருஷம் தொடங்கி 1698-ஆம் வருஷம் வரையில் மொகலாயப் படை இக்கோட்டையை முற்றுகையிட்டது. அத்தகைய காலத்தில் கோட்டைக்குள் இருப்போருக்குக் களஞ்சியத்துத் தானியமே பிராணாதாரம். அது நனைந்து பூசணம் பிடித்துவிட்டால், மதிலும் பீரங்கியும் இருந்து பயனில்லை. தானியத்தையும் வித்தையும் வைத்துக் காப்பவன் முதலில் அஞ்ச வேண்டியது ஈரத்துக்கே என்பதைச் செஞ்சியில் உள்ளவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும், அந்த ஈரத்தையே கூப்பிட்டு உள்ளே விட்ட ஒரு செய்முறை மாறுதல், இப்பிரதேசத்துச் சரக்குக்கு நெடுங்காலம் கெட்ட பெயரை உண்டாக்கிவிட்டது.

மார்சேல்ஸ் துறைமுகத்தில் நேர்ந்தது

மணிலாக் கொட்டை தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பயிர். நூல்களில் நிலக்கடலை என்றும், கடைகளில் வேர்க்கடலை என்றும், செஞ்சி, திண்டிவனம் பக்கத்துக் குடியானவர் வாயில் மல்லாட்டை என்றும் வழங்குவது இதுவே. இப்போது விழுப்புரம், கடலூர் முதலிய ஜில்லாக்களாகப் பிரிந்துள்ள பழைய தென்னாற்காடு ஜில்லாவில், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இப்பயிர் மிகுதியாகப் பரவிற்று. புதுச்சேரியிலும் கடலூரிலும் கப்பலேறிய சரக்கில் பெரும்பங்கு பிரான்ஸ் தேசத்து மார்சேல்ஸ் நகரின் எண்ணெய் ஆலைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆப்பிரிக்காவைச் சேர்ந்த செனகால் நாட்டிலிருந்தும் அதே மார்சேல்ஸுக்குக் கடலை சென்றது. செனகால் கடலை ஓட்டுடன் சென்றது. சோழமண்டலக் கரையிலிருந்து சென்றதோ பெரும்பாலும் ஓடு நீக்கிய பருப்பு. காயின் நிறையில் ஏறக்குறைய கால் பங்குக்கு மேல் ஓடே இருக்கும். அது கப்பலில் இடத்தையும் அதிகமாக அடைக்கும். இந்தியாவிலிருந்து பிரான்ஸுக்குச் செல்லும் பிரயாணம் நீண்டது. ஆகையால் ஓட்டை இங்கேயே நீக்கிவிட்டுப் பருப்பை மாத்திரம் அனுப்புவது கப்பற்கூலியை மிச்சப்படுத்தும் காரியமாயிற்று. கணக்குப் பார்த்துச் செய்த இந்த மாறுதலில் குற்றம் சொல்ல இடமில்லை. ஆனால், பருப்பைக் காற்றிலிருந்தும் பூச்சியிலிருந்தும் காத்துவந்த இயற்கைக் கவசம் ஓடு என்பதும், அதை நீக்கிய பின் வேறொரு காவல் வேண்டியிருக்கும் என்பதும் அக்காலத்தில் கவனிக்கப்படவில்லை.

இதைத் தொடர்ந்து இரண்டாவது மாறுதல் வந்தது. நன்றாய்க் காய்ந்த காயைக் கையால் உரிப்பது விரலுக்கு நோவு. தடியால் அடித்தால் பருப்பு நொறுங்கும். காயைத் தண்ணீரில் நனைத்துவிட்டாலோ ஓடு இளகிக்கொடுக்கும். வேலை துரிதமாய் முடியும். பருப்பு முழுசாக வெளிவரும். நிறையும் சற்றுக் கூடும். உரிக்கும் ஆளுக்கு உழைப்பு மிச்சம். உரிக்கச் சொன்ன வியாபாரிக்குக் கூலியும் மிச்சம், தராசிலும் லாபம். களத்தில் நின்று பார்த்தவர்கள் அனைவருக்கும் இது நல்ல மாறுதலாகவே தோன்றியது. ஆகவே வழக்கமாகவும் நிலைத்துவிட்டது.

நஷ்டம் வெளிப்பட்ட இடம் களமன்று. ஈரம் குடித்த பருப்பு மூட்டைகள் கப்பலின் அடித்தட்டில் வாரக்கணக்கில் ஒன்றன்மேலொன்றாகக் கிடந்து புழுங்கின, சூடேறின, பூசணம் பூத்தன. மார்சேல்ஸில் மூட்டையை அவிழ்த்தபோது பருப்பு காறலெடுத்திருந்தது. செனகாலிலிருந்து ஓட்டுடன் உலர்ந்துவந்த கடலையின் எண்ணெய் மேசை உணவுக்குச் சென்றது. சோழமண்டலக் கரைப் பருப்பின் எண்ணெயோ பெரும்பாலும் சோப்புக் காய்ச்சுவதற்குத்தான் ஏற்றதென்று ஒதுக்கப்பட்டது. விலையும் அதற்கேற்பத் தாழ்ந்தது. தாழ்ந்த விலையின் பாரம் யார் தலையில் விழுந்தது? மார்சேல்ஸையும் கப்பலையும் கண்ணால் காணாத குடியானவன் தலையில்தான். அவன் விளைத்த காயில் குற்றமில்லை. விளைச்சலுக்கும் விற்பனைக்கும் இடையே ஒரு கைவேலையின் முறை மாறியதில்தான் குற்றமிருந்தது.

செய்முறையில் ஒரு மாறுதலின் நன்மை மாறுதல் செய்த இடத்தில் அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. அதன் தீமையோ வேறொரு இடத்தில், வேறொருவர் கையில், பல நாள் கழித்துத் தெரிகிறது. தரம் கெடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். துர்எண்ணமோ சோம்பலோ அவ்வளவு காரணமன்று. ஆகையால் தன் களத்தில் நல்லதாகத் தோன்றும் மாறுதலை, சரக்கின் கடைசி உபயோகம் வரையில் பின்தொடர்ந்து பார்க்காமல் ஏற்றுக்கொள்ளலாகாது.

ஈரம் செய்யும் வேலை

20-ஆம் நூற்றாண்டில் மணிலா உடைக்கும் யந்திரங்கள் பரவியபின், காயை நனைக்காமலே விரைவாக உடைக்க வழி ஏற்பட்டது. ஆயினும் பழைய வழக்கம் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. மிகவும் காய்ந்த காய் யந்திரத்தில் விழுந்தால் பருப்பு இரண்டாகப் பிளக்கிறது. பிளவுப் பருப்புக்கு விலை குறைவு. அதைத் தவிர்க்க, யந்திரத்தில் கொட்டுவதற்கு முன் அம்பாரத்தின்மேல் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் இன்றும் பல இடங்களில் உண்டு. எனவே இவ்விஷயம் பழங்கதை அன்று.

நிலத்திலிருந்து பறித்த மணிலாக் காயில் நூற்றுக்கு 40 பங்கு அளவுக்கும் ஈரம் இருக்கும். அதைக் காயில் 8 அல்லது 9 சதவிகிதத்துக்கும், பருப்பில் 7 சதவிகிதத்துக்கும் மேற்படாதபடி உலர்த்திய பின்னரே சேமிக்கலாம். காதோரம் வைத்துக் காயை ஆட்டினால் உள்ளே பருப்பு சலசலக்க வேண்டும். பருப்பைத் தேய்த்தால் மேல்தோல் உதிர வேண்டும். இது குடியானவர் அறிந்த சோதனை. ஈரமானி என்னும் கருவி இதையே எண்ணால் சொல்லும். இந்த எல்லைக்கு மேல் ஈரம் ஏறினால் இரண்டு கெடுதிகள் நேர்கின்றன. எண்ணெயில் தனிக் கொழுப்பு அமிலம் பெருகிக் காறல் உண்டாவது ஒன்று. மற்றொன்று அதனினும் கொடியது. அது 1960-ஆம் வருஷத்துக்கு முன் உலகுக்குத் தெரியாமலிருந்தது.

அந்த வருஷத்தில் இங்கிலாந்தில் வான்கோழிக் குஞ்சுகள் ஒரு லட்சத்துக்கு மேல் சில மாத காலத்தில் மடிந்தன. நோய்க்குக் காரணம் தெரியாமல் வைத்தியர்கள் திகைத்தனர். முடிவில், பிரேசில் தேசத்திலிருந்து தீவனமாக வந்த கடலைப் பிண்ணாக்கில் நஞ்சு இருப்பதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூசணம் உண்டாக்கும் அந்த நஞ்சுக்கு அஃப்ளாடாக்ஸின் என்று பெயரிட்டார்கள். அது ஈரலைத் தாக்குவது. புற்றுநோய் விளைவிப்பது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் தீர்மானித்திருக்கிறது. வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முற்றிலும் அழிவதில்லை. 1974-ஆம் வருஷத்தில் குஜராத், ராஜஸ்தான் எல்லைக் கிராமங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச் சோளத்தை உண்டவர்களில் 397 பேர் நோயுற்று, 106 பேர் இறந்தனர். அந்தச் சோளத்திலும் இருந்தது இதே நஞ்சு.

ஐரோப்பிய நாடுகள் நேரே உண்ணும் கடலையில் இந்நஞ்சு மொத்தம் ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாதென்று விதித்திருக்கின்றன. அதாவது நூறு கோடிப் பங்கில் நான்கு பங்கு. மேலும், எண்ணெய் ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. அப்பிண்ணாக்கைத் தின்னும் கறவை மாட்டின் பாலில் அதன் வேறொரு வடிவம் வெளிப்படுகிறது. ஆகவே களத்தில் தெளித்த ஒரு குடம் தண்ணீரின் பலன், கடைசியில் குழந்தையின் பால் கிண்ணம் வரையில் போய்ச் சேரக்கூடும்.

இதனால் தண்ணீரே பகை என்று கொள்ளலாகாது. நாட்டுச் செக்கில் வித்தை ஆட்டும்போது அளவறிந்து நீர் தெளிப்பது செக்கார் கையாண்டுவந்த முறை. அந்த நீர் எண்ணெய் பிரிந்து வருவதற்கு உதவுகிறது. ஆட்டுதலும் உடனே முடிந்துவிடுகிறது. அதே நீர், பல வாரம் மூட்டையில் கிடக்கப்போகும் பருப்பின்மேல் விழுந்தால் நாசம் விளைக்கிறது. ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்பதைக் காட்டிலும், அது எந்தப் படியில், எந்த அளவில் சேர்கிறது, அதற்குப்பின் சரக்கு எங்கே போகிறது என்பதே ஆராய வேண்டியது.

சொல்லாமல் நுழையும் மாறுதல்கள்

நிர்வாகக் கமிட்டி கூடித் தீர்மானம் நிறைவேற்றிச் செய்யும் மாறுதல்கள் சிலவே. யாரும் தீர்மானிக்காமல், யாருக்கும் தெரியாமல் நுழையும் மாறுதல்களே அதிகம். தரத்துக்கு அபாயமும் இவற்றினாலேதான் மிகுதி.

கோணிச் சாக்குக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் சாக்கு வாங்கப்படுகிறது. விலை குறைவென்று மகிழ்கிறார்கள். ஆனால் கோணியின் இழைகளூடே புழுக்கம் வெளியேறும்; நெருக்கமாய் நெய்த பிளாஸ்டிக்கில் அவ்வளவு எளிதில் வெளியேறாது. கோணியில் தாங்கிய அதே ஈரம் புதுச் சாக்கில் தாங்காமற் போகலாம். உடைக்கும் யந்திரத்தின் சல்லடை தேய்ந்து கண் பெரிதாகிறது. ஒரே நாளில் நேராதபடியால் எவரும் கவனிப்பதில்லை. பிளவுப் பருப்பும் உடையாத காயும் கலந்து விழத் தொடங்குகின்றன. பழக்கமான ஆள் ஊருக்குப் போகிறான்; புதிய ஆள் அம்பாரத்தைக் கிளறாமல் விடுகிறான்; மேலே காய்ந்து அடியில் ஈரம் நிற்கிறது. ஆனி, ஆடியில் விதைத்த மானாவாரி மணிலா ஐப்பசி மழையில் அகப்பட்டுக்கொள்கிறது. வெயில் குறைந்த நாளிலும் வெயில் மிகுந்த நாளின் கணக்கே பின்பற்றப்படுகிறது.

விதை மாறுவதும் செய்முறை மாறுவதே. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940-ஆம் வருஷத்தில் வெளிவந்த டி.எம்.வி. 2 என்னும் கொத்து ரகம், கொடி ரகங்களைக் காட்டிலும் முன்னதாக முதிர்வது, பறிப்பதற்கும் எளிது. அதனாலேயே வெகு தூரம் பரவிற்று. ஆனால் கொத்து ரகத்தின் வித்துக்குக் கொடி ரகத்தைப்போல் உறங்கிக் கிடக்கும் தன்மை இல்லை. முதிர்ந்தபின் பறிக்கத் தாமதித்து மழையும் பெய்தால் நிலத்துக்குள்ளேயே முளைவிட்டுவிடும். கொடி ரகத்துக்குப் பொருந்திய சாவகாசம் கொத்து ரகத்துக்குப் பொருந்தாது. விதையை மாற்றியவன் பறிக்கும் நாளையும், உலர்த்தும் ஏற்பாட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டியவனாகிறான். ஒரு மாறுதல் தனியே வருவதில்லை. தன்னோடு வேறு சில மாறுதல்களையும் கேட்டுக்கொண்டே வருகிறது.

கூலியை மிச்சப்படுத்த ஒரு படியை நீக்கிவிடுவதும் இவ்வகையைச் சேர்ந்ததே. பருப்பை முறத்திலிட்டு, சுருங்கியதும் நிறம் கருகியதும் பூசணம் பூத்ததுமான பருப்பைப் பெண்கள் பொறுக்கி எடுக்கும் வேலை, பார்வைக்கு அழகு சேர்க்கும் வேலையென்று தோன்றலாம். உண்மையில் நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாய்ப் பரவியிருப்பதில்லை. கெட்டுப்போன சில பருப்புகளிலேயே பெரும்பாலும் திரண்டிருக்கிறது. ஆகையால் அந்தச் சில பருப்புகளைப் பொறுக்கி எறியும் கையே மூட்டை முழுவதையும் காக்கிறது. ஒரு படி எதற்காக இருக்கிறதென்று தெரியாதபோது அதை நீக்கிவிடுவது, சுவரைத் தாங்கும் தூண் எதுவென்று அறியாமல் தூணைப் பிடுங்குவதற்கு ஒப்பாகும்.

நன்றாய்ச் செய்த மாறுதல்

நல்ல மாறுதலுக்கு உதாரணம் நெல் தொழிலில் கிடைக்கிறது. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வரும் நெல் மூட்டைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் முக்கியம் விளங்கும். புழுங்கல் அரிசிக்காக நெல்லைத் தொட்டியில் பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைப்பது பழைய முறை. அந்நாட்களில் தண்ணீர் புளித்து, அரிசியிலும் சோற்றிலும் ஒரு துர்நாற்றம் பற்றிக்கொள்ளும். மைசூரில் 1950-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் இதை ஆராய்ந்து, 65 முதல் 70 டிகிரி சென்டிகிரேட் வரையில் சூடான நீரில் மூன்று நான்கு மணி நேரம் ஊறவைக்கும் முறையை வகுத்தனர். நாற்றம் நீங்கிற்று, நாட்களும் மிச்சமாயின.

இந்த மாறுதல் நன்மையாய் முடிந்ததற்குக் காரணம் வெந்நீர் மாத்திரமன்று. சூட்டுக்கும் நேரத்துக்கும் எல்லை வகுத்ததே முக்கிய காரணம். சூடு எல்லை மீறினால் நெல் வாய் பிளந்து அரிசியின் சத்து நீரில் கரைந்துபோகும். சூடு தணிந்தால் பழையபடி புளிப்புத் தொடங்கும். வெந்நீர் ஊற்றவேண்டும் என்பதை மாத்திரம் கேட்டுக்கொண்டு, உஷ்ணமானியும் கடிகாரமும் இல்லாமல் அதைப் பின்பற்றும் ஆலை, பழைய குற்றத்தை விட்டுப் புதிய குற்றத்தைச் சம்பாதித்துக்கொள்ளும்.

சங்கங்கள் கைக்கொள்ள வேண்டிய முறை

மேலே கூறியவற்றிலிருந்து, செய்முறையை மாற்ற விரும்பும் சங்கம் அனுசரிக்க வேண்டிய கிரமம் இன்னதென்று எளிதில் ஏற்படும்.

முதலாவது, இப்போது நடக்கும் முறையை உள்ளது உள்ளபடி எழுதிவைத்தல் வேண்டும். காய் களத்துக்கு வந்தது முதல் பருப்பு மூட்டை வெளியேறுவது வரையில் எத்தனை படிகள், ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம், என்ன அளவு, யார் பொறுப்பு என்பன ஒரு தாளில் அடங்கும். பழைய முறை எழுதப்படாதவிடத்தில், மாறியது எதுவென்று பிறகு எவராலும் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டாவது, மாற்ற நினைக்கும் படி எதைக் காத்துவருகிறது என்று விசாரிக்க வேண்டும். அப்படியில் பல வருஷம் வேலை செய்தவரையும், அதற்கு அடுத்த படியில் வேலை செய்பவரையும், சரக்கை வாங்குபவரையும் கேட்க வேண்டும். எக்ஸ்பெல்லர் யந்திரத்தில் பிழிந்த பிண்ணாக்கில், செக்குப் பிண்ணாக்கைக் காட்டிலும் எண்ணெய் குறைவு. எண்ணெய்க் கணக்கில் இது லாபம். மாட்டுக்குப் பிண்ணாக்கு வாங்குபவருக்கோ வேறு சரக்கு. அவரைக் கேளாமல் இதை அறிய முடியாது.

மூன்றாவது, ஒரு சமயத்தில் ஒரு மாறுதலையே செய்ய வேண்டும். யந்திரத்தையும் சாக்கையும் ஒரே வாரத்தில் மாற்றிய சங்கத்தில் பருப்புக் கெட்டால், காரணம் எதுவென்று தெரியாமல் வாக்குவாதமே மிஞ்சும்.

நான்காவது, முழு அம்பாரத்திலும் செய்வதற்கு முன் சிறு அளவில் பரீட்சிக்க வேண்டும். பிளவுப் பருப்பைக் குறைக்க வேண்டுமானால், தண்ணீர் தெளிப்பதற்குப் பதிலாக வேறு வழிகள் உண்டு. காயைப் பருமனுக்குத் தக்கபடி முன்னதாகச் சலித்துப் பிரிக்கலாம். யந்திரத்தின் சுழலும் கட்டைக்கும் சல்லடைக்கும் உள்ள இடைவெளியைச் சரிப்படுத்தலாம். காய்க்கேற்ற கண்ணுள்ள சல்லடை பொருத்தலாம். ஒரே அம்பாரத்துக் காயில் இரண்டு மூட்டையைப் பழைய முறையிலும், இரண்டு மூட்டையைப் புதிய முறையிலும் ஒரே நாளில் உடைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கிலோப் பருப்பெடுத்துப் பிளவை நிறுத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். எவ்வளவுக்கு மேற்பட்டால் கூடாது என்பதைப் பரீட்சைக்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும். பின்னர்த் தீர்மானித்தால் ஆசைக்கேற்றபடி அளவுகோல் வளைந்துகொடுக்கும்.

ஐந்தாவது, பரீட்சித்த சரக்கை உடனே விற்றுவிடாமல் ஒரு பகுதியைச் சாக்கிலேயே சில வாரம் வைத்துப் பார்க்க வேண்டும். மார்சேல்ஸில் வெளிப்பட்ட குற்றம் உடைத்த அன்றைக்கு வெளிப்பட்டதன்று. ஈரத்தை ஈரமானியாலும், காறலை முகர்ந்தும் அறியலாம். அஃப்ளாடாக்ஸினோ கண்ணுக்கும் மூக்குக்கும் புலப்படுவதன்று. பல மூட்டைகளின் பல இடங்களிலிருந்து எடுத்துக் கலந்த மாதிரியைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பியே அறிய வேண்டும். ஒரு மூட்டையின் வாயில் எடுத்த ஒரு பிடி மாதிரியாகாது.

ஆறாவது, மாறுதல் செய்த நாளையும் காரணத்தையும் நடபடிக் குறிப்பில் எழுதி, அந்நாள் முதல் வெளியேறும் மூட்டைகளில் ஓர் அடையாளம் இட வேண்டும். குற்றம் காணப்பட்டால் அடையாளமுள்ள மூட்டைகளை மாத்திரம் திருப்பி எடுக்கலாம். அடையாளம் இல்லையேல் எல்லா மூட்டைகளின்மேலும் சந்தேகம் விழும். வேலையாட்கள் அனைவருக்கும், இரவு முறைக்கு வருபவர் உட்பட, புதிய முறையைச் சொல்லிச் செய்து காட்ட வேண்டும். காரியதரிசியின் புத்தகத்தில் ஒரு முறையும் களத்தில் வேறொரு முறையும் நடப்பதில் பயனில்லை.

ஏழாவது, புதிய முறை தவறினால் பழைய முறைக்குத் திரும்ப வழி வைத்திருக்க வேண்டும். பழைய சல்லடையை விற்றுவிட்டுப் புதியதைப் பரீட்சிப்பது விவேகமன்று. திரும்புவதை ஒருவரும் அவமானமாகக் கருதலாகாது.

உலர்த்துபவனுக்கு நஷ்டம் வரலாகாது

இத்தனை முறைகளும் எழுதப்பட்டிருந்தும், ஒரு சங்கதி சரிப்படாவிட்டால் ஈரம் உள்ளே வந்தே தீரும். அது தராசைப் பற்றியது. 100 கிலோக் காயில் 12 சதவிகிதம் ஈரமிருந்தால், ஈரம் நீங்கிய சரக்கு 88 கிலோ. அதே காயை 8 சதவிகிதம் வரையில் உலர்த்திக் கொண்டுவந்தால் நிறை சுமார் 95 கிலோ 650 கிராம்தான் இருக்கும். சங்கம் நிறைக்கு மாத்திரம் விலை கொடுக்குமாயின், இரண்டு நாள் வெயிலில் நின்று கிளறிய அங்கத்தினருக்கு நாலேகால் கிலோவுக்கு மேல் நஷ்டம். ஈரத்தோடு கொண்டுவந்தவருக்கு அவ்வளவும் லாபம். அடுத்த வருஷம் இருவரும் ஈரத்தோடேயே வருவார்கள். அதற்காக அவர்களை நிந்திப்பதில் நியாயமில்லை. அப்படி வரும்படி செய்தது சங்கத்தின் தராசே.

ஆகையால் மணிலா வாங்கும் சங்கம், வாயிலிலேயே ஈரமானியை வைத்து, 8 சதவிகித ஈரத்துக்கு நிறையைக் கணக்கிட்டு விலை கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கின்படி, மேற்கூறிய இருவரும் ஒரே தொகை பெறுவர். அதற்கும் மேலாக, உலர்ந்த சரக்குக்குச் சிறு வெகுமதியும், எல்லை மீறி ஈரமான சரக்கைத் தனிக்களத்தில் உலர்த்துவதற்குச் சிறு கழிவும் வைத்தால், உலர்த்தும் வழக்கம் தானே வேரூன்றும். ஈரமானியின் எண்ணை அங்கத்தினர் எதிரிலேயே படித்துக் காட்ட வேண்டும். மறைவில் எடுத்த எண்ணை எவரும் நம்பமாட்டார்.

தனி வியாபாரியின் பிழை அவர் மூட்டையோடு போகும். கூட்டுறவுச் சங்கத்திலோ பலருடைய சரக்கு ஒரே அம்பாரமாகிறது. ஒருவருடைய நனைந்த மூட்டை நூறு பேருடைய உலர்ந்த மூட்டையைக் கெடுத்துவிடும். 1844-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்தில் தொழிலாளிகள் சிலர் கூடித் தொடங்கிய கூட்டுறவுக் கடை, கலப்படமற்ற மாவும் சரியான நிறையும் கொடுத்தே ஜனங்களின் நம்பிக்கையைப் பெற்றது. இந்தியாவில் 1904-ஆம் வருஷத்தில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமும், சென்னை மாகாணத்தில் 1933-ஆம் வருஷத்தில் வியாபாரப் பயிர்களுக்கான மார்க்கெட்டுச் சட்டமும், 1937-ஆம் வருஷத்தில் விளைபொருள்களைத் தரம் பிரித்து முத்திரையிடும் சட்டமும் ஏற்பட்டன. அக்மார்க் முத்திரைக்கு ஆதாரம் இக்கடைசிச் சட்டமே. முத்திரை மூட்டையின்மேல் விழுவது. தரமோ அதற்கு வெகு முன்பே களத்தில் உண்டாவது அல்லது கெடுவது.

செஞ்சி வட்டாரத்துச் சங்கங்கள் அடுத்த அறுவடைக்கு முன் இரண்டு காரியங்களை முடித்தால் போதும். இப்போது நடக்கும் செய்முறையை ஒரு தாளில் எழுதிக் களத்தின் சுவரில் ஒட்டுவது ஒன்று. வாயிலில் ஈரமானியும், ஈரத்துக்கேற்ற விலைப்பட்டியும் வைப்பது மற்றொன்று. அதன்பின் புது யந்திரமோ, புதுச் சாக்கோ, புது விதையோ எது வந்தாலும், சுவரிலுள்ள தாளில் எந்த வரி மாறுகிறதென்று அங்கத்தினர் யாவரும் பார்த்துக் கேட்க முடியும். அவ்வாறு கேட்கும் சங்கத்தில், அம்பாரத்தின்மேல் தண்ணீர்க் குடத்தைச் சாய்க்க ஒருவர் கை ஓங்கும்போது, நிறுத்து என்று சொல்ல இன்னொருவர் இருப்பார்.